எடைக்கு எடை

புதுவாயல் கூட்டு ரோட்டில் குப்புராஜின் மெக்கானிக் கடை ஒரு தகரக் கொட்டகை. முன்பாதி கடை, பின்பாதி வீடு. நடுவில் கோணித் திரை. கல்கத்தா ரோட்டில் லோடு லாரி போனால் இரண்டு பாதியும் சேர்ந்து அதிரும். பின்பாதியில் அவன் மனைவி தாயாரம்மாள் அடுப்பின் மேல் சட்டியைப் பிடித்துக்கொள்வாள்.

அந்த ஆடியில் காற்று மோசமாக இருந்தது. ரோட்டு மண் சோற்றில் விழுந்தது. குப்புராஜ் அதைக் கவனிக்கவில்லை. அவனுக்கு வீரராகவனின் ஜாவா மோட்டார் சைக்கிள் ஒன்றுதான் நினைப்பு.

வீரராகவன் கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் ஆபீசர். அவர் வண்டி மெதுவாகப் போகும்போது ஒன்றுமில்லை. வேகம் எடுத்தால் ஹேண்டில் உதறும். குப்புராஜ் ஸ்போக்குகளை முறுக்கினான். ரிம்மில் கோட்டம் எடுத்தான். டயரைக் கழற்றித் திருப்பிப் போட்டான். உதறல் போகவில்லை. சக்கரத்தில் ஒரு பக்கம் எடை கூடுதலாக இருக்கும், மெட்ராசில் கார்களுக்கு அதைப் பார்க்க மெஷின் வைத்திருக்கிறார்கள் என்றார் வீரராகவன். கம்பெனியில் இன்னும் வண்டிகள் இருப்பதாகவும், மோட்டார் ஷெட்டுக்கு ஆள் எடுக்கப் போவதாகவும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனார்.

குப்புராஜ் அந்த மெஷினைப் பார்த்ததில்லை. யோசித்தே ஒரு ஸ்டாண்டு செய்தான்.

கம்பெனிக் கட்டட வேலையில் மிஞ்சிய ஆங்கிள் இரும்பு கிடைத்தது. அதைத் துண்டாக அறுத்தான். ஹாக்சா பிளேடு உடைந்துகொண்டே இருந்தது. அடியில் சட்டம், அதன் மேல் இரண்டு கால்கள். ஒவ்வொரு காலின் தலையிலும் ஒரு பேரிங். பேரிங்குகளுக்குக் குறுக்கே ஒரு கம்பி. கம்பியில் சக்கரம். தரை மேடுபள்ளமாக இருந்தது. சாப்பாட்டுத் தட்டில் தண்ணீர் ஊற்றிச் சட்டத்தின் மேல் வைத்தான். தண்ணீர் எந்த ஓரம் ஏறுகிறது என்று பார்த்து, எதிர் ஓரத்தைத் தகரம் சொருகி உயர்த்தினான். பல நாள் அந்தத் தட்டு அங்கேயே கிடந்தது. தாயாரம்மாள் அவனுக்கு இலையில் சோறு போட்டாள்.

கனமான பக்கம் தானாகக் கீழே வர வேண்டும். அதற்கு நேர் எதிரே எடை கட்டினால் சரியாகிவிடும். அதுதான் கணக்கு. ஆனால் சக்கரம் விட்ட இடத்தில் நின்றது. ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நின்றது. குப்புராஜ் பேரிங்கில் இன்னும் கொஞ்சம் கிரீஸ் திணித்தான். லாரியில் கிளீனராக இருந்த நாளிலிருந்து அவன் கிரீஸ் இல்லாமல் ஒரு பேரிங்கை மூடியதில்லை. சக்கரம் இன்னும் மோசமாக நின்றது.

ஒரு மத்தியானம் பழைய கிரீஸை எடுத்துவிட்டுப் புதிதாக அடைக்கலாம் என்று பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவினான். சக்கரத்தைத் தரையில் வைக்க மனமில்லாமல் வெறும் பேரிங்கிலேயே மாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். கருவாட்டுக் குழம்பு. தாயாரம்மாள் திரையை ஒதுக்கிக்கொண்டு தண்ணீர்ச் செம்போடு வந்தவள் நின்றுவிட்டாள்.

"இன்னாய்யா, அது தானா சுத்துது."

சக்கரம் மெல்லத் திரும்பியது. ஒரு பக்கம் கீழே வந்து, தாண்டி, திரும்பி வந்து நின்றது. குப்புராஜ் எச்சில் கையோடு எழுந்து போய் அதைத் தள்ளிவிட்டான். மறுபடி அதே பக்கம் கீழே வந்தது.

"வழுக்கும்னு நெனச்சுக்கினு நான் கிரீஸைப் போட்டுக்கினு கீறேன்மே. அதான் புடிச்சிக்கினு கீது."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். காற்று சக்கரத்தை ஆட்டியது. அவள் நடுத்திரையைக் கழற்றிக்கொண்டு வந்து கடை வாசலில் கட்டினாள். அன்று சாயங்காலம் வரை அவர்கள் வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் மறைப்பு இல்லை.

எதிரே கட்ட எடை வேண்டும். கம்பியைச் சுற்றிப் பார்த்தான். ரோட்டில் பிய்த்துக்கொண்டு போயிற்று. நட்டைக் கட்டினால் ஸ்போக்கில் உட்காராமல் கடகடவென்று ஆடியது. பழைய பேட்டரியின் ஈயம் உதிர்ந்தது. நல்ல ஈயம் வேண்டும்.

நல்ல ஈயம் பரணில் இருந்தது.

பரணில் இருந்தது வலை. தாயாரம்மாளின் தம்பி முனிகிருஷ்ணனுடையது. அவன் பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் இருந்தான். போன சித்திரையில் குப்பம் எரிந்தது. அவன் வீடும் எரிந்தது. வலை அப்போது படகில் இருந்ததால் தப்பியது. அவனும் மனைவி கோவிந்தம்மாவும் கீற்றுச் சாய்ப்பு ஒன்று போட்டுக்கொண்டு அதில் குந்தியிருந்தார்கள். வலையை மட்டும் கோணியில் சுருட்டி, பஸ் மேல் ஏற்றிக்கொண்டு வந்து அக்காவிடம் கொடுத்தான்.

"உன் ஊடு தகரம்க்கா. நெருப்பு புடிக்காது. பாடு வர்ற வரைக்கும் வெச்சிரு."

பாடு என்பது ஏரியில் வலை போடும் இடம். அதற்குக் குப்பத்தில் சீட்டுக் குலுக்குவார்கள். யார் பெயர் வருகிறதோ அவனுக்கு அந்த நாள் அந்த இடம். மற்றவர்கள் கரையில் நிற்பார்கள். முகத்துவாரத்துக்குப் பக்கத்துப் பாடு, மழைக்குப் பிறகு இறால் கடலுக்கு இறங்கும் நாளில் கிடைத்துவிட்டால் அந்த வருஷத்துக்குப் போதும். இந்த முறை அந்தச் சீட்டு முனிகிருஷ்ணனுக்கு விழுந்திருந்தது. கார்த்திகை அமாவாசை. அதை வைத்துத்தான் வீடு கட்ட வேண்டும்.

வலையை முடைந்தவர் அவர்கள் அப்பா. நைனா என்று கூப்பிடுவார்கள். வலை தண்ணீரில் அமிழ, ஈயத் தகட்டை வெட்டி அடிக்கயிற்றில் சுற்றி, ஓரத்தைப் பல்லால் கடித்து மூடுவார். அவருக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. அதனால் ஒவ்வொரு ஈயத்திலும் ஒரு முழுப் பள்ளமும் ஒரு அரைப் பள்ளமும் இருக்கும். அவர் செத்துப்போன பிறகு முனிகிருஷ்ணன் அந்த வலையை மட்டும் பாகம் கேட்டான். தாயாரம்மாள் ஒன்றும் கேட்கவில்லை.

குப்புராஜின் சாதி சனமும் ஏரிக்கரைதான். ஆனால் அவன் அப்பா லாரியில் ஏறியதோடு தண்ணீர் விட்டுப்போயிற்று. அவனுக்கு வலை கட்டத் தெரியாது.

முதலில் ஒரே ஒரு ஈயம் எடுத்தான். தாயாரம்மாள் பம்புக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். தகட்டுச் சுருளை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி விரித்து, ஸ்போக்கில் வைத்துக் குறடால் அழுத்தினான். மோதிரம் மாதிரி உட்கார்ந்தது. வீரராகவன் வண்டியை எடுத்துக்கொண்டு ஆரம்பாக்கம் வரை போய்த் திரும்பி வந்தார். ஹேண்டிலை விட்டுவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டினார்.

அப்புறம் வண்டிகள் வந்தன. கம்பெனி வண்டிகள், ஒரு போலீஸ்காரரின் புல்லட், பொன்னேரி டாக்டரின் ராஜ்தூத். குப்புராஜ் ஈயத்தை எடுத்த இடத்தில் எல்லாம் ஒரு நட்டை வைத்துக் கட்டுக்கம்பியால் கட்டினான். அதில் அவன் ஏமாற்றவில்லை. டீக்கடை மேரியிடம் சின்னத் தராசு ஒன்று வாங்கி வந்து, ஈயத்தை ஒரு தட்டிலும் நட்டை ஒரு தட்டிலும் வைத்து நிறுத்தான். நட்டு குறைந்தால் வாஷர் சேர்த்தான். கூடினால் அரத்தால் ராவினான். முள் நடுவில் நிற்காமல் அவன் ஒரு நட்டையும் வலையில் கட்டவில்லை. கடைசியில் அடிக்கயிறு முழுவதும் நட்டாயிற்று. பழையபடி கயிற்றை உள்ளே வைத்துச் சுருட்டி, கோணியைச் சுற்றி வைத்தான்.

இந்த ஈயமெல்லாம் ஏது என்று தாயாரம்மாள் ஒரு தடவை கேட்டாள்.

"மூர்மார்க்கெட்ல வாங்கினேன்."

அவன் அந்த வாரம் மெட்ராஸ் போய் வந்திருந்தான். அவள் மேலே கேட்கவில்லை.

ஆவணியில் முனிகிருஷ்ணன் வந்தான். ஒரு ஓலைப் பெட்டி நிறையச் சென்னாகுனி கொண்டுவந்தான். அக்கா கையால் வறுத்தால்தான் அந்தக் காய்ந்த இறால்பொடிக்கு ருசி என்பான். உட்கார்ந்து தின்றுகொண்டே, மாமா சக்கரத்தை ஊஞ்சலாட்டிப் பிழைக்கிறார் என்று கேலி பேசினான். ஸ்டாண்டைச் சுற்றி வந்து பார்த்தான். அன்று அதில் சக்கரம் எதுவும் இல்லை.

"வலை இன்னாக்கா ஆச்சு? எலி கிலி?"

"எலியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"வெயில்ல போட்டியா?"

ஆடி முழுவதும் அவளுக்கு இடுப்பு வலி. பரணில் ஏறவில்லை. அதைச் சொன்னால் தம்பி தானே ஏறி இறக்குவான். வந்த களைப்பு அவன் முகத்தில் இருந்தது. பஸ்ஸுக்கும் நேரமாயிற்று.

"போட்டேன்டா. பிரிச்சு வெயில்ல போட்டு அப்பால சுருட்டி வெச்சேன்."

"நீ நைனா பொண்ணாச்சே," என்றான். சட்டியில் மிச்சமிருந்ததை வழித்துத் தின்றுவிட்டுப் போனான்.

கார்த்திகையில் மழை விட்டுவிட்டுப் பெய்தது. அமாவாசைக்கு முதல்நாள் சாயங்காலம் முனிகிருஷ்ணன் வலையை எடுக்க வந்தான். பஸ் நின்றுகொண்டிருந்தது. பரணில் இருந்து கோணியை இறக்கித் தோளில் வைத்தான். ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்த்தான். எடை சரியாக இருந்தது. குப்புராஜ் கூடவே போய் வலையை பஸ் மேல் ஏற்றிக் கயிறு கட்டிக் கொடுத்தான். இறால் விற்ற பிறகு அக்காவுக்கு ஒரு புடவை என்று முனிகிருஷ்ணன் படியில் நின்று சொன்னான். கருப்புக்கரை வேண்டாம் என்று அவள் சொன்னாள்.

பாடு முடிந்து மீனோடு வருவான் என்று தாயாரம்மாள் மசாலா அரைத்து வைத்திருந்தாள். வந்தான். கையில் மீன் இல்லை. துண்டில் எதையோ முடிந்திருந்தான். நேராகக் கடைக்குள் போய் முடிச்சை அவிழ்த்து, குப்புராஜின் வேலைப் பலகையில் கொட்டினான். நட்டுகள். கட்டுக்கம்பியும் நூல் துணுக்குகளும் இன்னும் அவற்றில் இருந்தன.

"மாமா, இது இன்னாது?"

குப்புராஜ் பார்த்தான். "நட்டு."

"நட்டுன்னு எனக்கும் தெரியும். என் வலைல ஏன் கீது?"

நெருப்பு கலாட்டாவில் யாராவது மாற்றியிருப்பார்கள் என்றான் குப்புராஜ். குப்பத்து ஆட்களை நம்ப முடியாது என்றான். முனிகிருஷ்ணன் நடந்ததைச் சொன்னான். சத்தம் போடாமல் சொன்னான். இருட்டிலேயே வலையை இறக்கினார்கள். கம்பி முனைகள் கண்ணியில் மாட்டின. அவிழ்க்க இழுத்தால் இன்னொரு இடத்தில் மாட்டியது. வலை விரியாமல் மூட்டையாகவே தண்ணீரில் போயிற்று. நீர் வத்தம் பிடித்து ஏரித் தண்ணீர் கடலுக்கு இழுத்ததும் நட்டின் மூலைகள் நூலை அறுத்தன. விடிந்தபோது இறால் கிழிசல் வழியாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. கரையில் குப்பமே நின்று பார்த்தது. இன்னொரு வலை கொடுக்க ஆள் இருந்தான். அதற்குள் பாடு முடிந்து அடுத்த சீட்டுக்காரன் இறங்கிவிட்டான்.

ஸ்டாண்டில் ஒரு புல்லட் சக்கரம் இருந்தது. பேசிக்கொண்டே முனிகிருஷ்ணனின் கண் அதன் மேல் போயிற்று. கிட்டே போனான். விரலால் சக்கரத்தைத் திருப்பி, ஒரு ஸ்போக்கைப் பிடித்து நிறுத்தினான். குனிந்து பார்த்தான்.

"நைனா பல்லு," என்றான்.

தாயாரம்மாள் திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கையில் கரண்டி இருந்தது.

குப்புராஜ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். "எடைக்கு எடை வெச்சேன் மச்சான். தராசுல நிறுத்து வெச்சேன். ஒரு குந்துமணி கொறையல. வேணும்னா இப்பவே போட்டுப் பாரு."

"எடுக்கசொல்லோ என்னைக் கேட்டியா மாமா?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

"குடுத்திருக்க மாட்டேன்."

"அதான் கேக்கல."

மேரி கடைப் பக்கமிருந்து கிளாஸ் கழுவும் சத்தம் கேட்டது. முனிகிருஷ்ணன் அக்காவைப் பார்க்கவில்லை. குப்புராஜையே பார்த்தான்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

குப்புராஜ் சக்கரத்தை மெல்லத் தள்ளிவிட்டான். அது திரும்புவதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஒரே ஊடு. அது கையாலதான் சோறு துன்றேன். அதுக்குத் தெரியாம இங்க இன்னா நடக்கும்?"

தாயாரம்மாளுக்கு முதலில் அந்தப் பேச்சு யாரைப் பற்றியது என்றே விளங்கவில்லை. விளங்கியபோது முனிகிருஷ்ணன் அவள் பக்கம் திரும்பியிருந்தான்.

"எனக்குத் தெரியாதுடா."

"வெயில்ல போட்டேன்னியே. பிரிச்சுப் போட்டா அடிக்கயிறு கண்ணுல படாதா?"

"வெயில்ல போடல."

"போட்டேன்னு சொன்ன."

"சொன்னேன். போடல."

"அப்போ எது பொய்க்கா? அதுவா, இதுவா?"

"அதுதான்டா பொய். இது நெசம்."

"எனக்கு எப்படித் தெரியும் நீயே சொல்லு," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்ட மாதிரி இருந்தது. அவள் கணவனைப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். குப்புராஜ் சக்கரம் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டான்.

மேரி டீ கொண்டுவந்து வைத்தாள். முனிகிருஷ்ணன் அதைத் தொடாமல் ரோட்டுக்குப் போனான். பொன்னேரி பஸ் வரும்வரை எதிர்ப்பக்கம் நின்றான். மழை தூறியது. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டான். இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அரைத்த மசாலா அப்படியே இருந்தது. தாயாரம்மாள் அதைக் கழுவி ஊற்றினாள். பிறகு கடைக்கு வந்தாள்.

"ஏன்யா அப்படிச் சொன்ன?"

"எப்படி?"

"எனக்குத் தெரியும்னு."

குப்புராஜ் இதை யோசித்து வைத்திருந்தான். "இத பாரு தாயாரு. என் ஒருத்தன் மேல கோவம்னா இந்த வாசலையே மெறிக்க மாட்டான். உன் மேலயும் பாதி இருந்தா, கூடப் பொறந்தவளாச்சேன்னு கொஞ்ச நாள்ல கரைஞ்சு வந்துடுவான். உனக்காகத்தான் சொன்னேன்."

அவன் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஈயத்தையெல்லாம் திருப்பிக் கொடு என்றாள். ஈயம் ஊர் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் சக்கரங்களில் இருக்கிறது, போலீஸ்காரன் வண்டியை நிறுத்திப் பிடுங்கச் சொல்கிறாயா என்று கேட்டான். புது ஈயம் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றும் சொன்னான். எடைக்கு எடை என்றான்.

அந்த வாரம் அவள் குப்பத்துக்குப் போனாள். கோவிந்தம்மா சாய்ப்பில் இல்லை. முனிகிருஷ்ணன் மணலில் வலையைப் போட்டுக்கொண்டு கிழிசலை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தான். பாதி வலை போய்விட்டது. அவள் எதிரே உட்கார்ந்து வலை ஊசி ஒன்றை எடுத்துக் கண்ணி போட ஆரம்பித்தாள். நைனா சொல்லிக்கொடுத்த கை. அவன் தடுக்கவில்லை. பொழுது சாயும்வரை இரண்டு பேரும் பேசாமல் முடைந்தார்கள். நாரைகள் ஆழமில்லாத தண்ணீரில் நின்றன. கடைசிப் பஸ்ஸுக்கு அவள் எழுந்தாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது, அவன் அவள் போட்ட கண்ணிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். உறுதியாக இருக்கிறதா என்று பார்த்தான். அவள் முடிச்சை இதுவரை யாரும் இழுத்துப் பார்த்ததில்லை.

மார்கழி போயிற்று. கடையில் வேலை குறையவில்லை. வீரராகவன் தன் சிநேகிதர்களையும் அனுப்பினார். குப்புராஜ் ஸ்டாண்டுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தான். தாயாரம்மாள் சோறு போட்டாள், துணி துவைத்தாள். அவன் கேட்டதற்குப் பதில் சொன்னாள். முன்பாதியில் நின்று வேடிக்கை பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

தை பிறந்ததும் முனிகிருஷ்ணன் வந்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். தலை வாரியிருந்தான். தகரத்துக்கு வெளியிலேயே நின்றான். குப்புராஜ் எழுந்து, வா மச்சான், வா மச்சான் என்று நாற்காலியைத் துடைத்தான். தாயாரம்மாள் திரையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தலைமுடியை முடிய மறந்திருந்தாள்.

முனிகிருஷ்ணன் பையிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினான்.

"கடன் வாங்கி ஊடு கட்டியாச்சு. வெள்ளிக்கிழமை பால் காய்ச்சறோம். நீங்க ரெண்டு பேரும் வந்துடுங்க."

அவள் வெற்றிலையை வாங்கினாள். அவன் தன்னைத் தாண்டிப் பின்னால் யாரிடமோ பேசுகிறான் என்று நினைத்தாள். பின்னால் யாரும் இல்லை.

"உள்ள வாடா. சோறு துன்னுட்டுப் போ."

"இல்லீங்க. இன்னும் சொல்ல வேண்டிய ஊடுங்க கீது."

"பால் யாருடா காய்ச்சறது?"

புதுவீட்டில் கூடப் பிறந்தவள்தான் பால் பொங்க வைப்பாள். நைனா வீடு கட்டியபோது அத்தை வந்தாள்.

"கோவிந்தம்மாவோட அக்கா வருது. அது பாத்துக்கும்." அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "நீங்க செரமப்பட வேணாம். வந்து முன்னாடி உக்காந்து சாப்ட்டுப் போங்க."

கும்பிட்டான். ரோட்டைக் கடந்து போனான்.

சின்ன வயதில் அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நைனாவிடம் அடி வாங்கியிருக்கிறான். அவளிடம் சண்டை போட்டிருக்கிறான். கடையில் நின்று பொய்யா என்று கேட்டபோதும் அவள் அவனுக்கு 'நீ'யாகத்தான் இருந்தாள்.

குப்புராஜ் அவன் போகிற வரை பார்த்துவிட்டுத் திரும்பினான். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தியாமே. நான் சொன்னேனா இல்லியா, வருவான்னு? அதுவும் இன்னா மரியாதையா கூப்ட்டுக்கினு போறான்."

தாயாரம்மாளின் கையில் வெற்றிலை ஈரமாக இருந்தது.

"ஆமா," என்றாள். "மரியாதையாத்தான் கூப்ட்டான்."